எஃப்.பி.எஸ். கேம்கள் அரைத்த மாவையே அரைக்கின்றனவா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எஃப்.பி.எஸ். என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர் என்பதன் சுருக்கம். ஆடுபவரின் கண்ணே கேமரா. திரையின் அடியில் ஒரு துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும். குறிபார்ப்பதும் சுடுவதும்தான் முக்கிய வேலை. கதாபாத்திரத்தின் முதுகைப் பார்த்தபடி ஆடுபவை வேறு வகை, அவற்றை இங்கே அதிகம் இழுக்கவில்லை. ஓரிரு இடத்தில் எல்லை தாண்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், இந்த வகை தேங்கிவிட்டதா?

அதிகப் பணம் கொட்டப்படும் ஒரு மூலை தேங்கியிருக்கிறது. விளம்பரமெல்லாம் அந்த மூலைக்கே போவதால், அதை மட்டும் பார்த்துவிட்டு மொத்தக் குளமும் பாசி பிடித்துவிட்டது என்று நினைக்கிறோம். மற்ற கரைகளில் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது.

ஆனால் 90களில் வந்த ஒவ்வொரு கேமும் புதுசாக இருந்ததே?

அப்படி நினைவிருக்கிறது, அவ்வளவுதான். வுல்ஃபென்ஸ்டைன் 3டி 1992 மே மாதம் வந்தது, டூம் 1993 டிசம்பரில். அதற்குப் பின் சில வருடங்களுக்கு இந்த மாதிரி எது வந்தாலும் அதற்கு ‘டூம் குளோன்’ என்றே பெயர். இந்த வகைக்கு எஃப்.பி.எஸ். என்று தனிப்பெயர் நிலைத்தது அதற்கு அப்புறம்தான். ஒரு வகைக்குப் பெயர் கிடைப்பதற்கு முன்பே அதை நகல் என்று திட்டத் தொடங்கிவிட்டோம்.

அந்த நகல்களில் முக்கால்வாசி நமக்கு இன்று நினைவில்லை. நீலச் சாவியைத் தேடு, நீலக் கதவைத் திற, மூலையில் நிற்பவனைச் சுடு என்று வரிசையாக வந்து வரிசையாகப் போயின. நல்லவை மட்டும் சல்லடையில் நின்றன. இன்றைய கேம்களை மட்டும் சலிக்காமல் மொத்த மூட்டையோடு எடை போடுவது நியாயமில்லை.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று தொழில்நுட்பமே புதுமையைக் கையில் கொண்டுவந்து கொடுத்தது. டூமில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறையைக் கட்ட முடியாது. அதன் வரைபடம் அடிப்படையில் தட்டையானது. 1996இல் குவேக் வந்தபோது உலகமும் அரக்கர்களும் முழு முப்பரிமாணத்துக்கு வந்தார்கள். தலைக்கு மேலிருந்து குண்டு விழுந்தது. மூன்றே வருடத்தில் அப்படி ஒரு தாவல். இப்போது பத்து வருடம் காத்திருந்தாலும் குட்டையில் தெரியும் நிழல் இன்னும் கொஞ்சம் அழகாகும். அவ்வளவுதான் கிடைக்கும்.

சரி, எது புதுமை, எது பழைய கள் புதிய மொந்தை என்று எப்படிப் பிரிப்பது?

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: ஒரு முறை சுட்டதற்கும் அடுத்த முறை சுடுவதற்கும் நடுவில் நான் என்ன முடிவு எடுக்கிறேன்?

குறிவைத்து விசையை அழுத்தும் செயல் முப்பது வருடமாக மாறவில்லை. மாற வேண்டிய அவசியமும் இல்லை, பந்தை உதைப்பது பழசாகிவிட்டது என்று யாரும் கால்பந்தைக் கைவிடுவதில்லை. இரண்டு குண்டுகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஒரு கேமின் மூளை இருக்கிறது. டூமில் அந்த இடைவெளியில் எங்கே நகர்வது, எந்தத் தோட்டாவை மிச்சம் பிடிப்பது என்று யோசிப்போம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் கையிலிருக்கும் காசை இந்தச் சுற்றில் செலவழிப்பதா, வெறும் பிஸ்டலோடு போய் அடுத்த சுற்றுக்குச் சேர்ப்பதா என்று யோசிப்போம். பொறுக்கிய பொருளோடு உயிரோடு வெளியேற வேண்டிய எஸ்கேப் ஃப்ரம் டார்கோவில், பை நிறைந்துவிட்டது, இப்போதே வெளியேறிவிடலாமா என்று கை நடுங்கும்.

புதிய கேம் ஒன்று இந்த இடைவெளியில் எனக்கு ஒரு புதிய கேள்வியைக் கொடுத்தால் அது புதுமை. கொடுக்காவிட்டால், துப்பாக்கியில் தங்க முலாம் பூசினாலும் பழசுதான்.

அப்படிப் பார்த்தால் உண்மையில் திசையை மாற்றியவை எவை?

முழுப் பட்டியல் போட உட்கார்ந்தால் விடிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுபவை மட்டும்.

1994இல் வந்த சிஸ்டம் ஷாக், சுடுவதற்கு நடுவே படிக்கவும் உளவு பார்க்கவும் வைத்தது. யாருமில்லாத விண்வெளி நிலையத்தில் இறந்தவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு என்ன நடந்தது என்று நீங்களே கோக்க வேண்டும். டியூஸ் எக்ஸ், பயோஷாக், டிஸ்ஹானர்ட், 2017இல் வந்த ப்ரே எல்லாம் அந்தக் கொடியில் காய்த்தவை.

1998இல் ஹாஃப்-லைஃப். கதை சொல்வதற்காக ஆட்டத்தை நிறுத்திப் படம் காட்டும் பழக்கத்தை அது விட்டது. கேமரா உங்கள் கண்ணை விட்டு விலகாது. தொடக்கத்தில் ரயிலில் உட்காரவைத்து ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். பல நிமிடங்களுக்கு ஒரு குண்டுகூடச் சுட மாட்டீர்கள். அன்று அது பெரிய துணிச்சல்.

கவுன்டர்-ஸ்ட்ரைக் அந்த ஹாஃப்-லைஃபை வைத்து ரசிகர்கள் செய்த மோட், அதாவது இருக்கும் கேமை மாற்றியமைத்த வடிவம். 1999இல் இலவசமாகப் புழங்கத் தொடங்கி 2000இல் கடைக்கு வந்தது. செத்தால் அந்தச் சுற்று முடியும்வரை வேடிக்கைதான் பார்க்க வேண்டும் என்ற ஒரே விதி ஒவ்வொரு அடியையும் கனமாக்கிவிட்டது.

2001இல் ஹேலோ. இதைப் பற்றிக் கீழே கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன், அதனால் முதலில் புகழ்ந்துவிடுகிறேன். இரண்டே ஆயுதம் சுமக்கலாம், கையெறிகுண்டுக்குத் தனிப் பொத்தான், அடிபட்டு ஒதுங்கினால் மீண்டும் ஏறும் கவசம். கன்ட்ரோலரில் சுடும் கேம் சரியாக வராது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கன்ட்ரோலரின் பொத்தான்களைக் கணக்குப் பார்த்தே வடிவமைத்தார்கள்.

2007இல் போர்ட்டல். கையில் துப்பாக்கி இருக்கிறது, அது சுவரில் துளை போடுகிறது, ஒரு துளையில் நுழைந்தால் இன்னொன்றில் வெளியே வரலாம். மாணவர்கள் கல்லூரியில் செய்த ஒரு சிறு கேமின் யோசனை அது. அவர்களை அப்படியே வேலைக்கு எடுத்துக்கொண்டு பெரிதாக்கினார்கள். இது எஃப்.பி.எஸ்.தானா என்று சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். சண்டை வருவதே நல்ல அறிகுறி.

2008இல் லெஃப்ட் 4 டெட். பிணக்கூட்டம் எப்போது வர வேண்டும், மருந்துப்பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்று ஆடுபவர்களின் நிலையைப் பார்த்து நிரல் ஒன்று தீர்மானித்தது. ஒரே கட்டத்தை எத்தனை முறை ஆடினாலும் மனப்பாடம் ஆகாது.

2015 டிசம்பரில் ரெயின்போ சிக்ஸ் சீஜ். சுவர் என்பது சுவரில்லை, இன்னும் திறக்காத கதவு என்று அது சொல்லிக்கொடுத்தது. ஒரு பக்கம் சுவருக்குத் தகடு அடிப்பார்கள், மறுபக்கம் வெடி வைப்பார்கள். அந்த இழுபறியில் பாதி நேரம் யாரும் யாரையும் சுடவே மாட்டார்கள்.

2016இல் சூப்பர்ஹாட். நீங்கள் நகர்ந்தால்தான் காலம் நகரும். ஏழு நாளில் ஒரு எஃப்.பி.எஸ். செய்து காட்டுங்கள் என்ற போட்டிக்காக 2013இல் பிறந்த யோசனை. என் அளவுகோலை அப்படியே கேமாக்கியது மாதிரி இருக்கும். இடைவெளிதான் அங்கே முழு ஆட்டமும்.

எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்ட உணர்வு எப்போது தொடங்கியது?

கேட்டவர்களில் பெரும்பாலோர் 2007க்குப் பின் வந்த ஐந்தாறு வருடங்களைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேர் அந்த நவம்பரில் வந்தது. ஒவ்வொரு கொலைக்கும் புள்ளி, புள்ளிக்கு நிலை, நிலைக்குப் புதிய துப்பாக்கி, வரிசையாக மூன்று பேரைச் சாய்த்தால் எதிரிகளை வரைபடத்தில் காட்டும் ராடார். மிக நன்றாகச் செய்யப்பட்ட கேம், அதை மறுக்க முடியாது. ஆனால் அதன் வெற்றியைப் பார்த்த எல்லோரும் அதன் எலும்புக்கூட்டையே எடுத்துத் தங்கள் தோலைப் போர்த்தினார்கள்.

ஹேலோ தந்த இரண்டு ஆயுதக் கணக்கும் தானாக ஆறும் காயமும் ஏற்கெனவே எல்லா இடத்திலும் பரவியிருந்தன. ஹேலோவில் அவை அர்த்தத்தோடு இருந்தன. வேற்றுக்கிரகத்தாரின் ஆயுதம் ஒவ்வொன்றும் வேறு மாதிரி வேலை செய்யும், அதனால் எதைக் கீழே போடுவது என்பது நிஜமான கேள்வி. அதே விதியை, ஏறத்தாழ ஒரே மாதிரிச் சுடும் இரண்டு ராணுவத் துப்பாக்கிகளுக்குப் பொருத்தினால் கேள்வியே காணாமல் போய்விடும். காயம் தானாக ஆறும் என்றால் இடைவெளியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மணல்மூட்டைக்குப் பின்னால் குனிந்து, திரையின் சிவப்பு மறையும்வரை காத்திரு. சுடு, குனி, காத்திரு. எத்தனை பாலைவனங்களில் இதைச் செய்தோம்!

அப்படியானால் தானாக ஆறும் காயம்தான் குற்றவாளியா?

விதிமேல் பழி இல்லை, யோசிக்காமல் கடன் வாங்கியதில்தான் பழி. 2020இல் வந்த டூம் எட்டர்னல் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போனது. உயிர் குறைந்தால் அடிபட்டுத் தள்ளாடும் அரக்கனைக் கையால் பிய்க்க வேண்டும். தோட்டா தீர்ந்தால் ரம்பத்தால் அறுக்க வேண்டும். கவசம் வேண்டுமென்றால் எதிரிமேல் தீ வைக்க வேண்டும். ஆக ஆபத்து கூடக் கூட எதிரியை நோக்கி ஓட வேண்டியிருக்கிறது, மறைவிடம் தேடி ஓடினால் சாவுதான். ஆடி முடித்தபோது எனக்கு மணிக்கட்டு வலித்தது. இது கேமே இல்லை, கணக்குத் தேர்வு என்று பாதியில் விட்ட நண்பர்களும் உண்டு.

பெரிய நிறுவனங்கள் ஏன் துணிந்து எதையும் செய்வதில்லை?

காசு. கால் ஆஃப் டியூட்டி 2005 முதல் வருடம் தவறாமல் வருகிறது; ஒரே ஸ்டூடியோவால் அது முடியாது, பல ஸ்டூடியோக்கள் மாறி மாறி உழைக்கின்றன. அத்தனை பேரின் சம்பளம் ஒரே தேதியை நம்பியிருக்கும்போது, ‘இந்த முறை தோட்டா நிரப்பும் ரீலோட் பொத்தானை எடுத்துவிட்டுப் பார்க்கலாமா’ என்று கூட்டத்தில் யார் கேட்பார்?

துணிந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் அவர்களுக்குத் தெரியும். டைட்டன்ஃபால் 2 எனக்குப் பிடித்த கேம்களில் ஒன்று. அதன் ஒரு கட்டத்தில் கையில் ஒரு கருவி கிடைக்கும். அழுத்தினால் இடிந்த ஆய்வகம் இடியாத கடந்தகாலத்துக்கு மாறும், மறுபடி அழுத்தினால் நிகழ்காலம். சுவரில் ஓடும்போது பாதியில் காலத்தை மாற்றி, இல்லாத சுவரை வரவழைத்து ஓடுவீர்கள். வேறொருவர் இதை வைத்து முழு கேமே செய்திருப்பார். இவர்கள் ஒரு கட்டத்தோடு தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த யோசனைக்குப் போனார்கள். இப்படிப்பட்ட கேமை 2016 அக்டோபர் 28 அன்று வெளியிட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பு பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் கழித்து புதிய கால் ஆஃப் டியூட்டி. இரண்டு யானைகளுக்கு நடுவே நின்று அழகாக ஆடினாலும் யார் பார்ப்பது?

பாதுகாப்பு என்று நினைத்து நகலெடுத்தாலும் விழத்தான் செய்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வந்த கான்கார்ட், ஆளுக்கொரு தனித்திறமை கொண்ட நாயகர்களை அணியாக மோதவிடும் ஓவர்வாட்ச் போட்ட பாதையில் பல வருடம் கழித்து நடக்க முயன்றது. இரண்டே வாரத்தில் சர்வரை மூடி வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நகல் எடுத்து முடிப்பதற்குள் கூட்டம் அசல் பக்கமே குடியேறிவிடுகிறது.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் டஸ்ட் 2 என்ற ஒரே மேப்பை, அதாவது ஆடுகளத்தை, இருபது வருடத்துக்கும் மேலாக ஆடுகிறார்களே, அது தேக்கம் இல்லையா?

இல்லை. 2001இல் வந்த மேப், இன்றும் எந்த நேரத்திலும் யாராவது அதில் ஒரு கதவின் இடுக்கைக் குறிபார்த்துக்கொண்டிருப்பார்கள். விளையாட்டு மைதானத்தின் அளவு மாறவில்லை என்று யாரும் குறைபடுவதில்லை. அங்கே புதுமையை ஆடுபவர்கள் செய்கிறார்கள்: புகைக்குண்டை எந்த ஓட்டுக்கு மேலாக வீசினால் எங்கே விழும் என்பது ஒரு தனிக் கல்வி. 2023இல் கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 வந்தபோது அந்தப் புகையையே மாற்றினார்கள். இப்போது புகை அறையின் வடிவத்துக்கு ஏற்பப் பரவும். உள்ளே ஒரு குண்டு வெடித்தால் சில நொடி விலகி வழிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதே கேம். உள்ளே இருப்பவருக்கு இடைவெளியில் ஒரு புதுக் கேள்வி முளைத்துவிட்டது.

பேட்டில் ராயல் புதுமையா, வெறும் ஜுரமா?

இரண்டும். 100 பேர், சுருங்கும் வட்டம், கீழே கிடப்பதைப் பொறுக்கி வாழ்வது. பப்ஜி 2017இல் கடைக்கு வரும் முன்பே, அதை வடிவமைத்த பிரெண்டன் கிரீன் ஆர்மா கேம்களுக்கான மோட்களில் இதையே செய்து பார்த்திருந்தார். மறுபடியும் மோட் என்பதைக் கவனியுங்கள். சுடுவதைவிட ஒளிந்திருப்பது லாபம் என்ற கணக்கு அன்று புதுசு. அடுத்த இரண்டு வருடத்தில் ஆளாளுக்கு ஒரு வட்டத்தைச் சுருக்கத் தொடங்கியதும் அலுத்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஒரு சின்ன விஷயத்தை உருப்படியாகச் செய்தது: ஒரு பொத்தானை அழுத்தி ‘இங்கே எதிரி’, ‘அங்கே கவசம்’ என்று குறி காட்டலாம், வாய் திறக்க வேண்டாம். மைக்கில் கேட்கும் வசவுக்குப் பயந்து வாயை மூடியிருந்த எத்தனையோ பேருக்கு அது பெரிய உபகாரம்.

கம்ப்யூட்டர் எதிரிகளின் புத்தி ஏன் வளரவே இல்லை?

இந்தக் குறையில் நானும் கேட்டவர் பக்கம்தான். 2005இல் வந்த ஃபியர் கேமின் வீரர்களை இன்றும் உதாரணம் காட்டுகிறோம் என்பதே வெட்கம். ‘இவனைக் கொல்ல வேண்டும்’ என்ற இலக்கை மட்டும் கொடுத்துவிட்டு, மேசையைக் கவிழ்ப்பதா, ஜன்னல் வழியாகப் பாய்வதா என்ற வரிசையை எதிரியே கோக்கும்படி எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு தந்திரம்: அவர்கள் ஒருவருக்கொருவர் கத்துவார்கள். ‘சுற்றி வளை’ என்று ஒருவன் கத்தியதும் நமக்கு வியர்க்கும். உண்மையில் அவர்கள் நாம் நினைக்கும் அளவுக்குக் கூடிப் பேசி முடிவெடுப்பதில்லை. பேசுவது நம் காதுக்காக.

பிறகு ஏன் வளரவில்லை? மிகப் புத்திசாலியான எதிரி ஆடுபவருக்கு ஏமாற்றுக்காரனாகத் தெரிவான் என்பது ஒரு காரணம். பின்னாலிருந்து வந்து சுட்டால் ‘அநியாயம்’ என்போம். இன்னொன்று, நிஜ மனிதர்களோடு மோதும் மல்டிபிளேயரில் பணம் வந்ததும் நிரல் எதிரியைத் தீட்டும் உழைப்பு பின்னுக்குப் போனது.

சின்ன ஸ்டூடியோக்கள் பழைய டூம் மாதிரியே செய்கிறார்களே, அதுவும் நகல்தானே?

சில நகல்தான். புள்ளிபுள்ளியாக உடைந்த படம், உறுமும் கிட்டார், தீர்ந்தது வேலை. 2018இல் வந்த டஸ்க் அந்தக் கூட்டத்துக்கு வழி திறந்தது. அது நல்ல கேம், பின்னால் வந்த எல்லாமும் அப்படி இல்லை.

ஆனால் அதே கூட்டத்திலிருந்துதான் அல்ட்ராகில் வந்தது. அதில் உங்கள் உயிர் எதிரியின் ரத்தம். தெறிக்கும் ரத்தத்தில் நனையும் அளவுக்குப் பக்கத்தில் போனால்தான் காயம் ஆறும். நாணயத்தைச் சுண்டிவிட்டு அதைச் சுட்டால் குண்டு திரும்பி எதிரியைத் தாக்கும். நியான் ஒயிட் 2022இல் துப்பாக்கிகளைச் சீட்டுகளாக்கியது: சீட்டைக் கையில் வைத்திருந்தால் சுடலாம், தூக்கிப் போட்டால் தாவலாம். டீப் ராக் கேலக்டிக்கில் நான்கு குள்ளர்கள் குகையையே தோண்டி, வழி செய்து, திரும்பும்போது அதே வழியில் தொலைந்து அல்லாடுவார்கள்.

என்னைக் கேட்டால் பவர்வாஷ் சிமுலேட்டரையும் சேர்ப்பேன். கண் பார்வையில், கையில் பீச்சுக்குழாயோடு அழுக்கைக் குறிபார்த்து அடிப்பது. எதிரி இல்லை, சாவு இல்லை. சிரிக்காதீர்கள், குறிபார்ப்பதில் எத்தனை சுகம் இருக்கிறது என்று அதில்தான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது.

தலையில் கருவியை மாட்டி ஆடும் வி.ஆர். (மெய்நிகர் உலகம்) எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்றார்களே?

மாற்றும் தன்மை அதற்கு உண்டு. 2020இல் வந்த ஹாஃப்-லைஃப்: அலிக்ஸில் தோட்டா மாற்ற ஒரு பொத்தான் போதாது. காலியானதை உதிர்த்து, தோளுக்குப் பின்னால் கையை விட்டுப் புதியதை எடுத்து, செருகி, இழுத்துவிட வேண்டும். எதிரி நெருங்கும்போது இதைத் தடுமாறிச் செய்வதே தனிக் கலவரம். ஆனால் தலையில் கருவியை மாட்டிக்கொள்ள இடமும் காசும் பொறுமையும் உள்ளவர்கள் குறைவு. அதனால் பெரிய முதலீடு அந்தப் பக்கம் வராமலே நிற்கிறது.

ஆட ஆடப் பரிசு தரும் பேட்டில் பாஸ், தோற்றத்தை மாற்றும் ஸ்கின் இவையெல்லாம்?

கேமின் தேக்கத்தை மறைக்கும் திரை. இடைவெளியில் எனக்குக் கேள்வி இல்லாதபோது, ஒரு நீலத் தொப்பிக்காக இன்னும் நாற்பது பேரைச் சுடச் சொல்கிறார்கள். தொப்பி பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை.

ஒருவேளை எனக்குத்தான் வயதாகிவிட்டதோ?

இருக்கலாம். ஆயிரம் மணிநேரம் ஆடிய கைக்கு எந்த மேப்பும் தெரிந்த தெரு மாதிரித்தான் இருக்கும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: கன்ட்ரோலரைப் பிடித்தே பழகாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் சுவரை முட்டி, கூரையைப் பார்த்து, தன் காலையே சுட்டுக்கொண்டு கூச்சல் போடுவதைப் பார்த்தால், அலுத்தது கேமா நாமா என்று ஓரளவு தெரிந்துவிடும். வேண்டுமானால் கொஞ்ச நாள் ஹன்ட்: ஷோடவுன் ஆடுங்கள். காக்கை பறந்தாலோ கண்ணாடித்துண்டு மிதிபட்டாலோ மேப்பின் அந்தப் பக்கம் இருப்பவனுக்கு நம் இடம் தெரிந்துவிடும். அதில் நான் பத்து நிமிடம் ஒரு புதருக்குள் அசையாமல் கிடந்திருக்கிறேன், ஒரு குண்டும் சுடவில்லை, இதயம் மட்டும் அடித்துக்கொண்டது.

உங்கள் அளவுகோலில் தோற்றும் உங்களுக்குப் பிடித்த கேம் உண்டா?

உண்டு. சீரியஸ் சாம், 2001. இடைவெளியில் யோசிக்க அதிகமாக எதுவும் இல்லை. பெரிய மைதானம், நூற்றுக்கணக்கில் ஓடிவரும் எதிரிகள், பின்னோக்கி ஓடிக்கொண்டே சுட வேண்டும். அவ்வளவுதான் முழு கேமும். வருடத்துக்கு ஒரு முறையாவது எடுத்து ஆடுகிறேன். தலையில்லாத ஒருவன் இரண்டு கையிலும் வெடிகுண்டோடு ‘ஆஆஆ’ என்று கத்திக்கொண்டே ஓடி வருவான். தலையே இல்லாதவன் எந்த வாயால் கத்துகிறான் என்பதுதான் இத்தனை வருடமாக எனக்கு விளங்கவில்லை.